ஞானதானம் செய்த விஞ்ஞானி: டாக்டர் விக்கிரம் சாராபாய்

நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வகுத்தளித்த தானங்கள் நான்கு. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்பன அவை. இவற்றுள் முதலிரண்டையும் நம்மவர் குறைவின்றிச் செய்து வருகின்றனர். அபயதானம் நம் உணவிலும் ஒழுக்கத்திலும் கலந்து நிற்கிறது. சாஸ்திர தானம் என்றவுடன் மட்டும் ஏடு பெயர்த்தெழுதி அளித்தல், நூல் அச்சிட்டு விழாக்காலத்தில் வழங்குதல் என்ற அளவில் நம் எண்ணம் நின்றுவிடுகிறது. ஒரு சிறுவனின் கையில் குவியாடி ஒன்றைக் கொடுத்து, ஒளி வளையும் விதத்தை அவனே கண்டுகொள்ளும்படி அவனைத் தனியே விடுவதற்கு ஒருவர் பொருள் செலவிட்டால், அதனை எத்தானத்தில் சேர்ப்பது? நமக்கு நெடுநாளாக இருந்து வரும் ஐயம் இது. இவ்வையத்தோடுதான் டாக்டர் விக்கிரம் சாராபாய் அவர்களின் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் என்று அவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் குஜராத்தின் சுவேதாம்பர ஜைன வணிகப் பெருங்குடியில் தோன்றியவர் என்பதையும் நம் வாசகர் பலர் அறிவர். ஆயினும் இளைஞர்க்கு அறிவியலை நேரில் காட்டுவதற்கென்றே அவர் ஒரு நிலையம் அமைத்தார் என்பதும், அவர் நிறுவிய பலவற்றுள் அதற்கும் ஓர் உயர்ந்த இடமுண்டு என்பதும் தென்னாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை.

விக்கிரம் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், காலிகோ ஆலையின் அதிபர். தாயார் சரளாதேவி. மக்கள் எண்மர். அம்பாலால் இளமையிலேயே பெற்றோரை இழந்து சிற்றப்பனாரால் வளர்க்கப்பட்டவர். நகரத்து ஆலை அதிபர்களுள் முன்வரிசையில் நின்றவர். வழக்கங்களுக்கு எளிதில் தலைவணங்காதவர். 1915இல் காந்தியடிகள் தம் ஆசிரமத்தில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். அதனால் நகரத்துச் செல்வர் பலர் தம் உதவியை நிறுத்திவிட, ஆசிரமத்தில் கையிருப்பு வற்றியது. அவ்வேளையில் மோட்டார் வண்டியில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுச் சென்ற சேட் ஒருவரைப் பற்றி அடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பெயரை அவர் குறிக்கவில்லை. அச்சேட் அம்பாலாலே என்பது பின்னர் தெரியவந்தது. பெயர் பொறிக்கப்படாத கொடை அது. கல்வெட்டில் பெயர் இடம்பெறவில்லை என்பதற்காக வருந்தும் உபயதாரர்களை நாம் கண்டிருப்பதால் இதனைச் சற்று நிறுத்திச் சொல்கிறோம்.

அம்பாலாலின் தமக்கை அனசூயா பேன். இவ்வம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சிறுவயதில் மணம் செய்விக்கப்பட்டு, அம்மணம் நிலைக்காது தாய்வீடு திரும்பியவர். தம்பியின் துணையால் 1912இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். மருத்துவம் கற்க விலங்கின் உடலை அறுக்க வேண்டும் என்று அறிந்தபோது, தாம் ஏற்றொழுகிய ஜைன நெறிக்கு அது ஒவ்வாது என்று கருதி, அப்படிப்பைக் கைவிட்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். நாடு திரும்பியபின் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றார். 1918இல் அகமதாபாத் ஆலைகளில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, ஆலை அதிபர்கள் அணிக்குத் தம்பி அம்பாலாலும் தொழிலாளர் அணிக்குத் தமக்கை அனசூயாவும் முன்னின்றனர். காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்ட போராட்டம் அது. இருவருக்கும் கொள்கைப் பகை இருந்ததேயன்றி உறவுப் பகை தோன்றவில்லை. விக்கிரம் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளை வாழ்த்தி அனுப்பும் நம் இல்லங்களிலும் அனசூயா பேன் முன் நின்ற வினா அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. உயிர்க்கு ஊறு செய்யாத அறிவியல் உண்டா, உயிரைக் காக்கும் அறிவியலுக்காகச் சிறிது ஊறு செய்யலாமா என்பன போன்ற வினாக்களுக்குத் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஓர் அம்மையார் அதனைத் தம் வாழ்க்கையின் திருப்பமாகவே எடுத்துக்கொண்டார் என்பதைப் பதிவு செய்கிறோம்.

அதே குடும்பத்தில் இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1926இல் வெறிநாய் அச்சத்தால் அம்பாலால் தம் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களைப் பிடித்துக் கொல்வித்தார். நகரத்து ஜைனரும் இந்துக்களும் கொதித்தெழுந்தனர். காந்தியடிகள் அம்பாலாலுக்குச் சார்பாக எழுத, அந்த விவாதம் பல வாரங்கள் நீடித்தது. நம் அறநோக்கில் அச்செயலை ஏற்பதற்கில்லை. ஆயினும் புகழ்பாடும் பொருட்டு வரலாற்றில் ஒரு பகுதியை மறைப்பது வாய்மை விரதத்திற்கு இழுக்காகும். இவ்வாறு முரண்களும் விவாதங்களும் நிறைந்த ஓர் இல்லத்தில்தான் விக்கிரம் வளர்ந்தார்.

அவ்வில்லத்தின் பெயர் ரிட்ரீட். நகரின் ஷாஹிபாக் பகுதியில் தோட்டங்கள் சூழ அமைந்தது. மக்கள் எண்மரையும் வெளிப்பள்ளிக்கு அனுப்பாமல், சரளாதேவியார் மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவி வீட்டிலேயே ஒரு பள்ளியை நடத்தினார். மொழிக்கும் கணிதத்திற்கும் இசைக்கும் ஓவியத்திற்கும் தனித்தனி ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தாகூர், காந்தியடிகள், நேரு, சி. வி. ராமன் முதலிய பெரியோர் அவ்வீட்டு விருந்தினர். மரவேலை, இரும்புவேலை செய்யப் பட்டறை ஒன்றும் இருந்தது. விக்கிரம் அப்பட்டறையை விட்டு அகலாத பிள்ளை. பொறியாளர் இருவர் துணைநிற்க, நீராவியால் உண்மையாகவே இயங்கும் சிறு புகைவண்டி எஞ்சின் ஒன்றை அங்கே அவர் செய்து முடித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கடையில் பொம்மை வாங்கித் தருவது எளிது. பொம்மையைத் தானே செய்துகொள்ளும் இடத்தை வாங்கித் தந்த பெற்றோர் அரியர். பிற்காலத்தில் ஊர்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் அவர் கொடுக்க விரும்பியது இப்பட்டறையைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

குஜராத் கல்லூரியில் இடைநிலைப் படிப்பு முடிந்தபின், தாகூரின் பரிந்துரைக் கடிதத்தோடு கேம்பிரிட்ஜ் சென்று செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1940இல் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். போர் மூண்டிருந்ததால் நாடு திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. ராமனின் மேற்பார்வையில் ஆய்வைத் தொடர்ந்தார். ஹோமி பாபாவும் அப்போது அங்கிருந்தார். விக்கிரம் எடுத்துக்கொண்ட பொருள் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியின் ஆழத்திலிருந்து இடையறாது பூமியை நோக்கிப் பாயும் நுண்துகள்கள் இவை. கண்ணுக்குப் புலனாகாதவை; நம் உடலையும் ஊடுருவிச் செல்பவை. நாளின் வெவ்வேறு வேளைகளில் இவற்றின் அளவு ஏன் கூடிக் குறைகிறது, சூரியனுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்பதே அவர் ஆய்வு. முதற் கட்டுரை 1942இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் தம் மாணாக்கருடன் கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் கருவிகளை நிறுவி இவ்வாராய்ச்சியை வளர்த்தார்.

பெங்களூரில்தான் மிருணாளினி அவர் வாழ்வில் இணைந்தார். சென்னையில் புகழுடன் விளங்கிய வழக்கறிஞர் சுப்பராம சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியரின் மகள் அவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் லட்சுமி அவருடைய தமக்கை. 1942இல் சென்னையில் திருமணம் நடந்தது. நாடெங்கும் வெள்ளையனே வெளியேறு இயக்கம் மூண்டிருந்த காலமாதலால் மணமகன் வீட்டார் ஒருவரும் வர இயலவில்லை. குஜராத்தி ஜைனர் வீட்டு மருமகளாகச் சென்ற அவர், 1949இல் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கழகத்தை நிறுவித் தமிழ்நாட்டுப் பரதத்தை அங்கே வேரூன்றச் செய்தார்.

போர் முடிந்ததும் விக்கிரம் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே, நவம்பர் 11ஆம் நாள், அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 28. இதற்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதே நம் கட்டுரைக்கு முக்கியமானது. அரசு உதவி பெருமளவில் வந்தது பின்னரே. முதல் பொருள் இரு வழிகளில் வந்தது. ஒன்று, சாராபாய் குடும்பத்தாரின் கர்மக்ஷேத்ர கல்வி அறக்கட்டளை. மற்றொன்று, அகமதாபாத் கல்விச் சங்கம். மகாத்மா காந்தி அறிவியல் நிறுவனத்தில் கிடைத்த சில அறைகளே முதலில் கூடமாயின. இயக்குநராக வந்தவர் கல்பாத்தி இராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, ராமனிடம் ஆய்வு பயின்று, வானிலைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளைஞர் பணம் திரட்ட, முதியவர் ஆய்வை நெறிப்படுத்தினார். தாமே தலைமை ஏற்கும் ஆசை விக்கிரமுக்கு எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடத்தின் சொந்தக் கட்டடத்திற்கு 1952இல் ராமன் அடிக்கல் நாட்ட, 1954இல் நேரு திறந்து வைத்தார்.

கல்விச் சங்கத்தின் பின்னால் நின்ற பெருமக்களுள் ஒருவர் சேட் கஸ்தூர்பாய் லால்பாய். இவரை நம் வாசகர் வேறு வகையில் அறிந்திருப்பர். ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறநிலையத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்து, ராணக்பூர், தில்வாரா முதலிய திருத்தலங்களின் திருப்பணிகளை நடத்தியவர் அவர். பழுதுற்ற பளிங்குத் தூண்களைச் செப்பனிடுவித்தவரே, விக்கிரமோடு சேர்ந்து நெசவுத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தையும் உருவாக்கினார். முனிவர் புண்ணியவிஜயர் பாதுகாத்த சுவடிகளுக்கென ஓர் இந்தியவியல் நிறுவனத்தையும் அமைத்தார். ஆலயத் திருப்பணியா அறிவியலா என்று நம் சபைகளில் எழும் வாதம் அவர் மனத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை. ஒரே பணப்பையிலிருந்து இரண்டிற்கும் எடுத்துக் கொடுத்தார்.

பின்வந்த ஆண்டுகளில் விக்கிரம் செய்தவற்றைப் பட்டியலிட்டால் தனி நூலாகும். பரோடாவில் குடும்பத்தின் இரசாயன, மருந்துத் தொழிலை நடத்தினார். 1961இல் அகமதாபாத் நிர்வாகவியல் கழகம் எழுவதற்குக் காரணமாயினார். 1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவின் தலைவரானார். காந்த நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த தும்பாவை ராக்கெட் ஏவுவதற்குத் தேர்ந்தார். அவ்விடத்தில் ஒரு கிறித்தவ ஆலயமும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. பிஷப் பெரைரா தம் மக்களிடம் எடுத்துரைத்து ஆலயத்தையே அறிவியலுக்கு விட்டுக்கொடுத்தார். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்கா அளித்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து மேலெழுந்து, சோடியம் ஆவியை வானில் பரப்பியது. அந்திவானில் செம்மஞ்சள் நிறமாய்ப் படர்ந்த அம்மேகத்தைக் கரையோரத்துச் சிற்றூர்களின் மக்கள் எல்லாரும் கண்டனர். இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் உட்பட அன்று அங்கே பணிபுரிந்தோரின் வரலாறு பலராலும் எழுதப்பட்டிருப்பதால் நாம் விரிக்கவில்லை.

வறுமை மிக்க நாட்டிற்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிற நாடுகளோடு போட்டியிட்டு நிலவுக்கு ஆளனுப்பும் கனவு தமக்கில்லை என்றும், நாட்டு மக்களின் அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்க உயர்ந்த தொழில்நுட்பங்களைக் கையாள்வதில் நாம் எவர்க்கும் பின்தங்கலாகாது என்றும் அவர் விடையளித்து வந்தார். கேட்டவர் பலர் அதனால் நிறைவடைந்தனர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரோ அக்கேள்வியின் மற்றொரு பக்கத்தையும் கண்டார். ராக்கெட்டைக் கண்டு வியக்கும் சிறுவன், அது ஏன் மேலெழுகிறது என்று கேட்கத் தெரியாதவனாக வளர்ந்தால் அந்த வியப்பால் என்ன பயன்?

அக்காலத்துப் பள்ளிகளில் அறிவியல் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை நம் சமுதாயத்து ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியத் தொழிலுக்குச் சென்றோர் பலராயிற்றே. கண்ணாடிக் குடுவைகள் உடைந்துவிடும் என்ற அச்சத்தால் பூட்டிய அலமாரியிலேயே கிடக்கும். செய்யாத சோதனைக்குக் காணாத முடிவை மாணவன் தன் குறிப்பேட்டில் அழகுற எழுதி மதிப்பெண் பெறுவான். குஜராத்திலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1960களின் முற்பகுதியில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் சிலர், விக்கிரமின் ஊக்கத்தால், பள்ளி அறிவியலைச் சீர்செய்யும் நோக்குடன் ஒரு குழுவாகக் கூடினர். அம்முயற்சியே வளர்ந்து 1966இல் சமுதாய அறிவியல் மையம் ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டு விக்கிரம் நிறுவியிருந்த நேரு வளர்ச்சி அறக்கட்டளை அதனைத் தாங்கி நின்றது.

இம்மையத்தின் கருத்து எளியது. நாட்டில் அன்று புதியது. பள்ளிக்கும் ஆராய்ச்சிக்கூடத்திற்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும். அங்கே பாடத்திட்டமும் தேர்வும் மதிப்பெண்ணும் இருத்தல் கூடாது. மாணவனும் ஆசிரியரும் ஊர்ப்பொதுமக்களும் உள்ளே வரலாம். கருவிகள் பூட்டி வைப்பதற்கல்ல, தொட்டுப் பார்ப்பதற்கே. சோதனையை மாணவன் தானே செய்ய வேண்டும். பிழைத்தால் மீண்டும் செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்பவர் விடை கூறும் அவசரம் இல்லாத ஒரு விஞ்ஞானியாக இருக்க வேண்டும். அண்டக்கதிர்களை அளப்பவர் வாரத்தில் சிறிது நேரம் பத்து வயதுப் பிள்ளையோடு அமர்ந்து, நீர்த்துளி ஏன் உருண்டையாயிருக்கிறது என்று பேசுவது அவருடைய ஆராய்ச்சிக்குக் குறைவு என்று விக்கிரம் கருதவில்லை. பௌதிகம், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றிற்குக் கூடங்களும், கையால் செய்து பழகப் பட்டறையும், நூலகமும் அங்கு அமைந்தன. கணிதத்திற்கும் ஆய்வுக்கூடமா என்று வியந்தோர் உண்டு. அட்டையை வெட்டியும் மரத்துண்டுகளை அடுக்கியும் தேற்றங்களைக் கண்ணால் காணச் செய்த இடம் அது.

இத்தகைய நிலையத்திற்குப் பொருள் திரட்டுவது எளிதன்று. நிர்வாகவியல் கழகத்திற்குக் கொடுப்பவர் தம் தொழிலுக்கு ஆள் கிடைப்பார் என்று கணக்கிடலாம். நெசவு ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் ஆலை அதிபர் மறு ஆண்டே பயன் பெறலாம். பத்து வயதுப் பிள்ளை குவியாடியில் எறும்பைப் பார்ப்பதனால் எந்தப் பேரேட்டில் எந்த வரவு ஏறும்? இருபது ஆண்டு கழித்து அப்பிள்ளை என்னவாகும் என்பது கொடுத்தவர்க்குத் தெரியப் போவதேயில்லை. பயன் கருதாத கொடை என்று நம் நூல்கள் கூறுவதன் இலக்கணம் இதற்கு முழுதும் பொருந்துகிறது. வணிகக் குடியில் பிறந்து வரவு செலவை நன்கறிந்த ஒருவர் இதில் இறங்கினார் என்பதே நம்மை ஈர்க்கும் செய்தி.

1968 டிசம்பர் 22ஆம் நாள் இம்மையத்தின் தொடக்க விழாச் சொற்பொழிவை ஆற்ற ராமன் வந்தார். திருச்சிக்கு அண்மையில் திருவானைக்காவலில் பிறந்த அப்பேரறிஞருக்கு அப்போது வயது 80. அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்பது. நோபல் பரிசு பெற்றவர் பெருங்கருவிகளைப் பற்றிப் பேசவில்லை. தலையை நிமிர்த்தினால் எவர்க்கும் தெரிவதைப் பற்றியே பேசினார். காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறச் செய்வதையும், நீலம் செம்மையைவிட மிகுதியாகச் சிதறுவதையும் படிப்படியாக விளக்கினார். முழுநிலா இரவிலும் இதே சிதறல் நிகழ்கிறதே, அப்போது வானம் ஏன் நீலமாய்த் தெரிவதில்லை என்று வினவி, மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை உணரும் ஆற்றலை இழந்துவிடுவதை எடுத்துக்காட்டினார். காணப்படும் பொருளை மட்டுமன்றிக் காணும் கண்ணையும் ஆராய வேண்டும் என்ற இவ்விளக்கம், நற்காட்சியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்நியமாய்த் தோன்றவில்லை. கேள்வியை எழுப்பிவிட்டு விடையைத் தாமதிக்கும் அம்முறையே அம்மையத்தின் முறையுமாயிற்று.

இதற்கிடையில் விக்கிரமின் தோளில் பெருஞ்சுமை ஏறியிருந்தது. 1966 ஜனவரி 24ஆம் நாள் ஹோமி பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் மறைந்தார். அணுசக்திக் கமிஷனின் தலைமை மே மாதம் விக்கிரமிடம் வந்தது. குடும்பத் தொழிலிலிருந்து அவர் விலகிக்கொண்டார். சீனா அணுகுண்டு வெடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், நம் நாடும் குண்டு செய்ய வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்தது. அவர் அதற்கு இசையவில்லை. குண்டு மட்டும் பாதுகாப்பாகாது. அதற்குத் துணையாக வேண்டுவன யாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாட்டின் வளம் தாங்காது. உள்ளிருந்து வரும் வறுமையும் ஒரு நாட்டிற்கு ஆபத்தே என்பன அவர் எடுத்துரைத்த காரணங்கள். பொருளாதாரக் கணக்காகவே அவர் பேசினார்; அகிம்சையின் பெயரை முன்னிறுத்தவில்லை. ஆலய வழிபாட்டிலோ நோன்புகளிலோ அவர் ஈடுபட்டு வாழ்ந்தவர் என்று நாம் சொல்வதற்கில்லை. அவரை நம் சமயச் சான்றோர் வரிசையில் வலிந்து நிறுத்துவதும் நம் நோக்கமன்று. ஆயினும் குண்டிற்கு எதிராக அவர் தனித்து நின்ற நாட்களை நினைக்கும்போது, மருத்துவப் படிப்பைத் துறந்து திரும்பிய அத்தையார் நம் நினைவுக்கு வருகிறார்.

1969 ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1971இல் நம் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் அவர் தலைமைக் காலத்திலேயே தொடங்கப்பெற்றது. செயற்கைக்கோள் வழியே சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்ல 1969இலேயே அமெரிக்காவுடன் உடன்பாடு செய்தார். அது நிறைவேறியது அவர் மறைவுக்குப் பின், 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம். ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. மின்விளக்கே அரிதான ஊர்களில் குழந்தைகள் மண்தரையில் அமர்ந்து அறிவியல் நிகழ்ச்சி பார்த்தனர். மையத்தில் சில நூறு பிள்ளைகளுக்குக் கிடைத்ததை ஆயிரக்கணக்கான ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் வழி இதுவே என்று அவர் முன்பே கணித்திருந்தார்.

ஒருவர் ஏற்கத்தக்க அளவை அவர் பணிகள் கடந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. பம்பாய், அகமதாபாத், தில்லி, திருவனந்தபுரம் என ஓயாத பயணம். உண்ணவும் உறங்கவும் நேரமின்றி உழைத்தார். எவரையும் காக்க வைக்காமல் நேரம் ஒதுக்கும் பண்பே அவர் உடலுக்குப் பகையாயிற்று போலும். 1971 டிசம்பரின் இறுதியில் தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்து, கோவளம் கடற்கரையில் இருந்த மாளிகையில் தங்கினார். 30ஆம் நாள் இரவு உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 52. தில்லியிலிருந்து தொலைபேசியில் அவரோடு பேசிவிட்டு, அவரைச் சந்திக்கவென்று விமானத்தில் திருவனந்தபுரம் வந்திறங்கிய கலாமுக்கு, விமான நிலையத்தில் காத்திருந்தது அம்மறைவுச் செய்திதான். உயிரோடிருந்தபோது 1966இல் பத்மபூஷண் பெற்ற அவருக்கு, 1972இல் பத்மவிபூஷண் விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

சமுதாய அறிவியல் மையம் பின்னர் அவர் பெயரையே தாங்கியது. மகன் கார்த்திகேய சாராபாய் அதன் பணியில் ஈடுபட்டு, 1984இல் சுற்றுச்சூழல் கல்விக்கென மற்றொரு மையத்தையும் அதே அறக்கட்டளையின் துணையோடு தொடங்கினார். அறக்கட்டளைகளுக்கெல்லாம் முதலாயிருந்த காலிகோ ஆலை இன்று இயங்கவில்லை. ஒரு காலத்தில் அகமதாபாத்தின் பெருமையாயிருந்த துணி ஆலைகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. அவ்வாலைகளின் பொருளால் எழுந்த பௌதிக ஆராய்ச்சிக்கூடமும் பிள்ளைகளின் மையமும் நிற்கின்றன. நிலவின் அமைதிக்கடலை அடுத்த தெளிவுக்கடலில் ஒரு பள்ளத்திற்குச் சாராபாய் என்று பெயர். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் தரையிறங்கிக்கும் விக்கிரம் என்பதே பெயர். அன்று மாலை நம் சிற்றூர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தனர்.

அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழகத்திற்கு எதிரே அந்த மையம் இருக்கிறது. அட்சய திருதியைக்கோ பர்யூஷணத்திற்கோ உறவினரைக் காணவும், ஷத்ருஞ்ஜயம் செல்லும் வழியிலும், நம்மவர் அந்நகரில் தங்குவதுண்டு. பிள்ளைகளோடு சென்றால் அரைநாள் அங்கே ஒதுக்கலாம். ரிட்ரீட் இல்லத்துப் பட்டறையில் விக்கிரம் சிறுவயதில் செய்த அந்தச் சிறு நீராவி எஞ்சினை அம்மையத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.